ஹம் நகரத்துக் கோபுரம்

இக்கால ஜேர்மன் கட்டடக்கலை என்றதும், பேர்லின் நாடாளுமன்றத்தின் மேல் 1999இல் எழுந்த கண்ணாடிக் குவிமாடத்தைச் சுட்டுவோர் பலர். ஹம் நகரின் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தை அவ்வரிசையில் வைப்போர் அரியர்.

நமக்கு அதுவும் ஜேர்மன் கட்டடமே. வரைபடம் ஆக்கியவர் அவ்வூர்க் கட்டடக்கலைஞர் ஹைன்ஸ் ரைனர் ஐக்ஹோஸ்ற். சிற்பவேலை இந்தியக் கைவினைஞருடையது. எழுப்புவித்தோர் போரினால் அகதிகளான ஈழத்தமிழர். 27 மீற்றர் சதுரம். 17 மீற்றர் உயரக் கோபுரம். 2002 யூலையில் குடமுழுக்கு. அம்பாள் தீர்த்தமாடுவதோ கப்பற் கால்வாயில்!

கோபுரத்தை வியப்போர் அது நிற்கும் இடத்தைக் கவனிப்பதில்லை. குடியிருப்புப் பகுதியில் ஒரு நிலக்கீழறையில் நடந்துவந்த வழிபாடு, விழாக்கூட்டம் பெருகி அயலார் முறையிட்டபின், நகர விளிம்பிலுள்ள கைத்தொழிற்பேட்டைக்குப் பெயர்ந்தது. இசைவு தந்த கையே ஒதுக்கியும் வைத்தது. கொட்டியாரக் குடாவின் இக்கரையில், தோப்பூரில் வாழும் நாம் இதனினும் கொடியதை அறிவோம்: 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். அதனோடு ஒப்பிட்டால் ஹம் நகரத்தார் பெருந்தன்மையினர்தாம். எனினும், ஒரு மக்களின் உழைப்பை நகர் நடுவே உணவகச் சமையற்கூடங்களில் ஏற்றுக்கொண்டு, அவர்தம் கோபுரத்தை மட்டும் ஆலைகளின் பக்கத்தில் நிறுத்துவதைப் பண்பாட்டு ஒப்புரவு என நாம் கொண்டாடுவதற்கில்லை.

நம்மவரையும் ஒன்று கேட்கவேண்டும். ஆகமம் கடல் கடந்தபோது சாதியும் உடன் சென்றதா? ஹம் நகரில் தேர்வடம் பிடிக்கும் கைகளிடையே பழைய வரிசைமுறை எஞ்சியுள்ளதா என்பதையும், அவ்வாலயத்தைப் போற்றி எழுதுவோர் நமக்குச் சொல்லட்டும்.