போதனையும் படிப்பும்: அரசுப் பள்ளியில் சமயத்தின் இடம்

அரசுப் பள்ளியில் சமயத்திற்கு இடம் உண்டா என்னும் வினா நம் நாட்டில் பழையது. அவ்வப்போது நிகழும் ஏதேனும் ஒன்று அதைப் புதிதாக்கி நம் முன் நிறுத்துகிறது. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேனிலைப் பள்ளியில் மகாவிஷ்ணு என்னும் சொற்பொழிவாளர், முற்பிறவிப் பாவமே இப்பிறவியின் உடற்குறைக்குக் காரணம் என்னும் கருத்துப்பட மாணவியரிடையே பேசினார். அவ்விடத்திலேயே அதை மறுத்துக் கேட்டவர் பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர். செப்டம்பரில் பேச்சாளர் கைதானார். பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறைகள் வகுக்கப்படும் என்று அரசு அறிவித்தது.

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பொருட்டு 'அபஸ' என்னும் அத்தியாயம் அருளப்பெற்ற மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு, அந்த ஆசிரியர் பக்கம் நிற்பதில் தயக்கம் இருக்க இயலாது. எனினும் எந்த அடிப்படையில் நிற்கிறோம் என்பதை நாம் தெளிந்துகொண்டோமா? அன்று பேசியவர் நம்மவருள் ஒருவராக இருந்து, மறுமையைப் பற்றி நம் கொள்கைப்படியே பேசியிருந்தால், அதனையும் தவறு என்றிருப்போமா? கருத்து பிழையானது என்பது ஒரு மறுப்பு. எழுந்து செல்ல இயலாத மாணவியரிடம் அரசின் கூரையின் கீழ் ஒரு நம்பிக்கையை உண்மையென்று ஓதலாகாது என்பது மற்றொரு மறுப்பு. முன்னது நம் சமயத்திற்குரியது. பின்னதோ அனைவர்க்கும் பொதுவானது. அது நம்மையும் கட்டுப்படுத்தும்.

அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுமையாக அரசு நிதியில் நடைபெறும் கல்வி நிலையங்களில் சமயப் போதனை கூடாதென்கிறது. அரசின் அங்கீகாரமோ உதவித்தொகையோ பெறும் நிலையங்களில், மாணவர் விருப்பமின்றி, சிறுவராயின் பெற்றோரோ காப்பாளரோ இசைவளிக்காமல், எவரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்தலாகாது என்கிறது. 1948 டிசம்பர் 7 அன்று அரசியல் நிர்ணய சபையில் இது விவாதிக்கப்பட்டபோது, சென்னையின் பிரதிநிதியாகிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாஹிப் ஒரு திருத்தம் கொணர்ந்தார். கட்டாயப்படுத்தாமல் இருப்பதே போதும், அரசுப் பள்ளியில் முற்றிலும் தடுக்க வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. அது ஏற்கப்படவில்லை. டாக்டர் அம்பேத்கர் தம் மறுமொழியில், எல்லாரிடமும் திரட்டிய வரிப்பணத்தை ஒரு சமயத்தின் போதனைக்குச் செலவிடல் முறையன்று என்றும், இத்தனை சமயப் பிரிவுகள் உள்ள நாட்டில் அனைவர்க்கும் போதனை அளிப்பது அரசுக்கு இயலாதென்றும் காரணம் காட்டினார். கொள்கையைப் போதிப்பது வேறு, ஆய்ந்து படிப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டே இஸ்லாம்தான். இறைவன் ஒருவன், நபிகள் நாயகம் (ஸல்) இறுதித் தூதர் என நம்பச் சொல்வது போதனை என்றார்.

காயிதே மில்லத்தின் பெருமைக்குச் சிறிதும் குறைவின்றி ஒன்று கூறலாம். அன்று ஏற்கப்பட்ட தடை, பிற்காலத்தில் சிறுபான்மையினரின் காப்பாகவே அமைந்தது. அரசு சமயம் கற்பிக்கத் தொடங்கினால், எது சமயம் என்று தீர்மானிக்கும் உரிமையும் அரசின் கைக்கே போகும். இலங்கையைப் பாருங்கள். அங்கே மாணவன் தன் சமயத்தை ஒரு பாடமாகப் படிக்கிறான்; இஸ்லாத்திற்கும் அரசே தமிழில் பாடநூல் அச்சிடுகிறது. நம்மில் பலர் அதைக் கண்டு ஏங்குவதுண்டு. ஆனால் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அந்த இஸ்லாம் பாடநூல்களே ஆய்வுக்கும் திருத்தத்திற்கும் உள்ளாயின. நம் நாட்டிலோ, 2022 மார்ச்சில் குஜராத் அரசு 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் பகவத் கீதையைச் சேர்ப்பதாக அறிவித்தது. வாயில் திறந்தால் முதலில் நுழைவது பெரும்பான்மையே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மார்க்கமும் இதற்கு மாறானதன்று. பத்ருப் போரில் சிறைப்பட்டவருள் எழுத்தறிந்தோர், மதீனத்துச் சிறுவர்க்கு எழுதக் கற்பித்தலையே தம் விடுதலைக்கு ஈடாகத் தந்தனர் என்று சீறா நூல்கள் கூறும். கற்பித்தவர் இணைவைப்போர், கற்றவர் முஸ்லிம் சிறுவர். எழுத்தை அவர்களிடம் பெற்றார்கள். ஈமானைப் பெற்ற இடமோ பள்ளிவாசலும் வீடும். இரண்டிற்கும் இடையே அன்றிருந்த எல்லை, இன்று அரசுப் பள்ளிக்கும் மக்தபுக்கும் இடையே இருக்க வேண்டிய எல்லையே.

அவ்வாறாயின் அரசுப் பள்ளி சமயத்தின் பெயரையே உச்சரிக்கலாகாதா? அதுவும் பிழையே. 1964–66இல் ஆய்ந்த கோத்தாரி கல்விக்குழு, சமயப் போதனையையும் சமயங்களைப் பற்றிய கல்வியையும் வேறுபடுத்தி, பின்னது வேண்டும் என்றது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சமயங்களைப் பற்றிப் படிப்பதைத் தடை செய்யவில்லை. தமிழைப் பொறுத்தவரை இது தவிர்க்கவும் இயலாதது. பெரியபுராணம், தேம்பாவணி, சீறாப்புராணம் ஆகியவற்றை நீக்கிவிட்டு எந்தத் தமிழிலக்கியத்தைக் கற்பிப்பது? இக்கட்டுரை எழுதப்படும் மறைமலை நகர், பெயராலேயே இதனை நினைவூட்டுகிறது. சைவப் பற்றில் ஊறிய மறைமலையடிகள், 1898 முதல் 1911 வரை தமிழ் கற்பித்தது கிறித்தவர் நடத்திய சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். பின்னர் தாம்பரத்திற்குப் பெயர்ந்த அதே கல்லூரி அது. சமயம் வேறாயினும் தமிழ் அங்கே இரு சாராரையும் ஒரு வகுப்பறையில் இருத்தியது.

ஆகவே நம் பிள்ளைகளும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் இஸ்லாத்தை முதன்முதலில் அச்சில் சந்திக்கும் இடம், பெரும்பாலும் தமிழ்ப் பாடநூல்தான். அங்கே என்ன நிகழ்கிறது? 'நூற்குறிப்பு' என்றிருந்து இன்று 'நூல்வெளி' எனப்படும் கட்டத்திற்குள், ஆசிரியர் உமறுப்புலவர், ஆதரித்தவர் வள்ளல் சீதக்காதி, காண்டங்கள் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று. தேர்வு கேட்பது இதைத்தான். ஹிஜ்ரத் என்பது ஒரு சிறு கூட்டம் பிறந்த மண்ணைத் துறந்து புறப்பட்ட நிகழ்ச்சி, நம் ஆண்டுக் கணக்கு அதிலிருந்தே தொடங்குகிறது என்பது, மூன்று பெயரையும் மனப்பாடம் செய்த மாணவனுக்குத் தெரியுமா? பெயர் தெரிந்தும் பொருள் தெரியாத அறிவு, நல்லிணக்கத்தின் பெயரால் நடக்கும் அலங்காரமே.

மானுக்குப் பிணை நின்ற வரலாற்றைக் கருதுவோம். வேடனிடம் சிக்கிய பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டி மீளும்வரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிணையாக நிற்கிறார்கள். இந்நிகழ்ச்சியின் அறிவிப்பு வலுவானதா என்று ஹதீஸ் கலை வல்லுநர் வினவியுள்ளனர். அது மதரஸாவில் ஆராய வேண்டியது. இதை நம்பு என்றோ நம்பாதே என்றோ கூற அரசுப் பள்ளி ஆசிரியருக்கு உரிமையில்லை. அவர் கூற வேண்டுவன வேறு: சொன்ன சொல்லுக்காகத் திரும்பி வரும் மான் என்னும் கற்பனையில் ஒரு சமுதாயம் தன் நபியின் அருளை எவ்வாறு கண்டது, அரபு நாட்டை வருணிக்கும்போதும் தமிழ் வயலையும் நீரையும் உமறு ஏன் கொண்டுவந்தார், காப்பிய மரபைத் தம் வரலாற்றுக்கு அவர் எங்ஙனம் வளைத்தார். முஸ்லிம் அல்லாத ஆசிரியரும் இவற்றைச் செவ்வனே கற்பிக்கலாம். இதுவே படிப்பு.

நாமோ புதிய பாடநூல் வரும்போதெல்லாம் சீறாவிற்கு எத்தனை செய்யுள், இஸ்லாமியப் புலவர் எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். எண்ணிக்கை குறைந்தால் அறிக்கை விடுகிறோம். ஐந்து செய்யுள் பத்தானாலும் கற்பிக்கும் முறை மாறாவிடில் பயன் என்ன? அரபுச் சொற்களைப் பிழையின்றி விளக்கும் கையேடு ஒன்றை ஆசிரியர்க்கென எழுதித் தர நம் அரபுக் கல்லூரிகளும் தமிழ்த் துறைகளும் கூடி முன்வரலாகாதா? மறுபுறம், ஈமானைத் தர வேண்டிய மக்தபுகள், பொருள் விளங்காத ஓதலோடு நின்றுவிடுமாயின், அக்குறையை அரசுப் பள்ளி தீர்க்காது, தீர்க்கவும் கூடாது.

பள்ளியிடம் நேர்மையான படிப்பைக் கேட்போம். போதனை நம் பொறுப்பு. அதை அரசிடம் ஒப்படைப்பவன், மீண்டும் கேட்கும்போது தான் தந்ததையே பெறுவான் என்பதற்கு உறுதியில்லை.