திருமணம் தரும் அனுமதி

ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டரின் 'அச்சம் ஆன்மாவைத் தின்னும்' 1974இல் வெளிவந்த ஜெர்மன் திரைப்படம். மியூனிக் நகரில் கட்டடங்களைத் துப்புரவு செய்து வாழும், கணவனை இழந்த எம்மிக்கு ஏறத்தாழ அறுபது வயது. அவளைவிட இருபது வயதுக்கு மேல் இளையவனான மொராக்கோ தொழிலாளி அலியை அவள் மணக்கிறாள். அண்டை வீட்டுப் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள், பெற்ற பிள்ளைகள் உறவை முறிக்கிறார்கள், கடைக்காரர் சாமான் தர மறுக்கிறார்.

இப்படம் குறித்து நான் படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை வயது, நிறம், ஊர்வாய் ஆகிய மூன்றோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. ஒரு புலம்பெயர் தொழிலாளி அந்த நாட்டுப் பிரஜையை மணக்கும்போது, அவர்கள் வீட்டுக்குள் அரசும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்படத்தில் அரசு எங்கே இருக்கிறது, எங்கே காணாமல் போகிறது என்பதையே நான் பார்க்க விரும்புகிறேன்.

கல்யாணப் பேச்சு தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். வீட்டு உரிமையாளரின் மகன் வந்து, உள்வாடகைக்கு ஆள் வைக்கக் கூடாது என்கிறான். பதறிப்போன எம்மி, இவர் வாடகைக்கு இருப்பவரல்ல, நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறாள். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறான். பொய் சொல்லிவிட்டோமே என்று எம்மி தவிக்க, அலியோ அது நல்ல யோசனை என்கிறான். இருவருக்கும் அன்பு இருக்கிறது. ஆனால் ஒரே கூரையின் கீழ் இருக்க அந்த அன்பு போதாது, கல்யாணம் என்ற சொல் வேண்டியிருக்கிறது.

வாடகை விதியை இவ்வளவு நுட்பமாகக் காட்டும் படம், வெளிநாட்டவர் அலுவலகத்தைக் காட்டுவதில்லை. மேற்கு ஜெர்மனி 1963இல் மொராக்கோவுடன் ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை வரவழைத்தது. அவர்களுக்கு அது வைத்த பெயர் 'விருந்தினர் தொழிலாளர்'. 1973 நவம்பரில் ஆளெடுப்பை நிறுத்தியது. 1965ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டப்படி, ஒருவர் அங்கே தங்குவது நாட்டின் நலனுக்குப் பாதகமில்லை என்று அதிகாரி கருதினால் அனுமதி தரலாம். தந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஜெர்மன் பெண்ணின் கணவன் என்பதாலேயே ஒருவனுக்குத் தங்கும் உரிமை வந்துவிடவில்லை.

இங்கே பெண் என்ற இடம் முக்கியமாகிறது. வெளிநாட்டவனை மணந்த ஜெர்மன் பெண் தன் குடியுரிமையை இழக்கும் ஏற்பாடு அந்நாட்டில் 1953 வரை இருந்தது. வெளிநாட்டவளை மணந்த ஆண் எதையும் இழக்கவில்லை. அவன் மனைவிக்குக் குடியுரிமை கிடைத்தது. அதன் பிறகும், அயல்நாட்டுக் கணவனோடு வாழும் ஜெர்மன் தாயின் குழந்தைக்குத் தாயின் குடியுரிமை பொதுவாக வரவில்லை. இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அந்நாட்டின் உச்ச அரசியல் சாசன நீதிமன்றம் 1974 மே 21இல் தீர்ப்பளித்தது. கான் விழாவில் இப்படம் பேசப்பட்ட அதே மாதம் அது. 1975 ஜனவரியில் சட்டம் மாறியது. அந்த மாற்றத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில், வெளிநாட்டவரை மணந்த பெண்கள் 1972இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் தொடங்கிய சங்கத்தினரும் உண்டு. எம்மிகள் கண்ணீரோடு மட்டும் இருக்கவில்லை, மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். இந்தப் பெண்கள் படத்தில் இல்லை. இது என் முதல் குறை.

ஆனால் இன்னொரு விஷயத்தில் படம் மிக நேர்மையானது. ஊர் மெல்ல இறங்கி வந்ததும் எம்மி மாறுகிறாள். தோழிகளை வீட்டுக்கு அழைத்து அலியின் புஜத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். அவன் குஸ்குஸ் கேட்டால், ஜெர்மனியில் இருப்பவன் இங்குள்ள சாப்பாட்டுக்குப் பழக வேண்டும் என்கிறாள். அவன் குஸ்குஸுக்காக வேறொரு பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். நாட்டில் வேர் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடக்கும் கல்யாணத்தில், சமையலறைகூட ஒரு குடியேற்ற அலுவலகம் ஆகிவிடுகிறது. எம்மி கெட்டவள் அல்ல. துடைப்பம் பிடித்துப் பிழைக்கும் அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே அதிகாரம் அது.

இந்த அதிகாரம் ஆண் கைக்குப் போனால் என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ள நாம் படத்தை விட்டு இன்றைய ஜெர்மனிக்கு வர வேண்டும். 2007 முதல், கணவனோடு சேர்ந்து வாழ வரும் பெண் புறப்படும் முன்பே ஜெர்மன் மொழியில் ஏ1 தேர்ச்சியைக் காட்ட வேண்டும். சென்னையிலும் கொழும்பிலும் நம் பெண்கள் அந்தத் தேர்வை எழுதுகிறார்கள். அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாட்டவருக்கு இதில் விலக்கு உண்டு. உயர்தகுதி வேலையில் இருப்பவரின் துணைக்கும் உண்டு. உணவகத்தில் பாத்திரம் கழுவுபவரின் மனைவிக்கு இல்லை. விசா விதிக்கும் வர்க்கம் தெரியும்.

வந்து சேர்ந்தபின் அவளது தங்கும் உரிமை திருமணத்தைச் சார்ந்தது. ஜெர்மனியில் மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பிறகே, பிரிந்தாலும் தனித்துத் தங்கும் உரிமை கிடைக்கும். முன்பு இரண்டாக இருந்ததை, போலித் திருமணத்தைத் தடுப்பதாகச் சொல்லி 2011இல் மூன்றாக்கினார்கள். அடிக்கிற கணவனோடு மூன்று வருடத்தை எண்ணிக்கொண்டு இருப்பது என்றால் என்ன என்று நம் வாசகிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. குடும்ப வன்முறை போன்ற கடும் துன்பம் இருந்தால் மூன்றாண்டு காத்திருக்கத் தேவையில்லை என்ற விதிவிலக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. அடியை நிரூபிக்கும் சுமை மட்டும் அவளுடையது. "உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுபவன் இந்த விதிவிலக்கைச் சொல்ல மாட்டான். ஆகவே அயல்நாட்டுக்குக் கல்யாணமாகிப் போகிற பெண் நகைப் பட்டியலோடு இதையும் அறிந்து போக வேண்டும். பாஸ்போர்ட்டும் தங்கும் அட்டையும் அவள் கையிலேயே இருக்க வேண்டும்.

மறுபடி படத்துக்கு வருகிறேன். எம்மியின் வேலையிடத்தில் யோலாண்டா என்ற யூகோஸ்லாவியப் பெண் புதிதாகச் சேர்கிறாள். அவளுக்குக் கூலி குறைவு. முன்பு எம்மியை ஒதுக்கியதுபோலவே அவளையும் ஒதுக்கிவிட்டு, மற்றவர்கள் கூலி உயர்வு பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இப்போது எம்மியும் இருக்கிறாள். எம்மி தனியே உட்கார்ந்து சாப்பிட்ட அதே மாடிப்படியில், அதே கம்பிகளுக்குப் பின்னால், இப்போது யோலாண்டா.

படத்தின் இறுதியில் அலி வயிற்றுப்புண்ணால் சுருண்டு விழுகிறான். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இது அடிக்கடி வருவதுதான், ஆறு மாதத்தில் திரும்பவும் வருவான் என்கிறார் மருத்துவர். எம்மி அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பார்ப்பவர் மனம் அங்கே உருகும், என் மனமும் உருகியது. ஆனால் அலிக்காவது பக்கத்தில் உட்கார ஒரு மனைவி இருக்கிறாள். யோலாண்டாவைப் படம் மாடிப்படியிலேயே விட்டுவிடுகிறது. இது என் இரண்டாவது குறை.

ஒரு நாட்டில் உழைப்பவர் அங்கே வாழ்வதற்கு, யாரையேனும் மணந்திருக்க வேண்டும் என்ற நிலையே முதலில் கேள்விக்குரியது. கல்யாணம் ஒன்றே வாசல் என்று ஆக்கிவிட்டு, அந்த வாசலில் வருபவர்களின் அன்பு நிஜமா போலியா என்று அரசு சோதிக்கிறது. தங்கும் உரிமை உழைத்த பெண்ணின் பெயரில் இருக்கட்டும். பிறகு அவள் விரும்பினால் யாரையும் மணக்கட்டும், மணக்காமலும் இருக்கட்டும். யோலாண்டாவின் கூலியைப் பற்றிப் பேசாத எந்தக் காதல் கதையும் எனக்குப் பாதிக் கதைதான்.