காவேரித் தண்ணீரும் சதுரங்கமும்

தஞ்சை ஜில்லாக்காரர்களுக்குத் தங்கள் பெருமைக்குக் காரணம் சொல்லச் சிரமமே இல்லை. எல்லாம் காவேரித் தண்ணீர் என்று முடித்துவிடுவோம். சதுரங்கத்துக்கும் அதையேதான் சொல்கிறோம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பூவனூரில் ஸ்வாமிக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். விசுவநாதன் ஆனந்த் 1969இல் பிறந்தது மாயவரத்தில். அப்புறம் என்ன வேண்டும்?

எனக்கு இந்தக் கணக்கு ஒப்பவில்லை. ஆறு வயதில் ஆனந்துக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாயார். அதை வளர்த்தது சென்னையில் ஸோவியத் கலாசார நிலையத்தில் நடந்த டால் சதுரங்கக் கழகம். 1972இல் அதைத் தொடங்கியவர் மானுவல் ஆரன், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். அங்கே ஜெயித்தவன் பலகையை விட்டு எழ வேண்டாம்; தோற்றவன் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எழுந்திருக்க மனமில்லாத பையனுக்குக் கை வேகம் வராமல் என்ன செய்யும்?

கழகத்துக்குப் பெயர் தந்த மிகயீல் டால் ரிகா நகரத்துக்காரர். சிறுவர்களுக்கென்று அரசாங்கம் நடத்திய பயோனீர் மாளிகையில் ஆடிப் பழகியவர். காய்களைத் துணிந்து பலி கொடுத்து எதிராளியைத் திணற அடிப்பது அவர் பாணி. 1960இல், 23 வயதில், பாட்வின்னிக்கை வென்று உலகச் சாம்பியனானார். மறுவருஷமே அவரிடம் பட்டத்தை இழந்தார். அப்பேர்ப்பட்ட மேதைக்கும் ஒரு கூடமும் ஓர் ஆசானும் வேண்டியிருந்தன.

ஆனந்தின் வேகம் வரம்தான். அது மட்டும் போதவில்லை. 1995இல் நியூயார்க்கில் காஸ்பரோவுடன் முதல் எட்டு ஆட்டங்கள் சமன். ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். அடுத்த ஐந்தில் நான்கு போயின. ஸோவியத் பள்ளியின் தயாரிப்புக்கும் நம் கழகத்துக் கைவேகத்துக்கும் இருந்த தூரம் அதில் தெரிந்தது. அதைக் கடந்ததைத்தான் அவருடைய சாதனை என்பேன். 2000இல் டெஹ்ரானில் அவர் பட்டம் வென்றபோது எதிரே இருந்த ஷிரோவும் ரிகாவில் பிறந்தவரே. 2010இல் ஸோபியாவில் டோபலோவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்று, கடைசி ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார். வேகத்தோடு பொறுமையும் சேர்ந்துவிட்டது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியையும் தண்ணீர் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். கோயிலும் மடமும் தினப்படி வாசிக்க இடம் கொடுத்த ஊர்கள் இவை. தப்பு வந்தால் முகம் சுளிக்கத் தெரிந்தவர்களும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கு ஊர் ஆனந்தின் படத்தை மாட்டுவதைவிட, சாயங்காலம் தவறாமல் திறக்கும் ஓர் அறையும், பத்துப் பலகைகளும், தோற்றவனை எழுப்பிவிட ஒரு பெரியவரும் இருந்தால் தேவலை. மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளட்டும்.