பெரிய வீட்டுக் கதவு

1965-ஆம் ஆண்டு புதுதில்லியில் நடைபெற்ற அனைத்துலகத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதைத் தட்டிச் சென்றது ஒரு சிங்களப் படம்! மார்ட்டின் விக்கிரமசிங்கவின் புதினத்தை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் திரையிலே தீட்டிய 'கம்பெரலிய' அது. ஆடல் பாடல் இல்லை. சிரிப்புக்கென ஒட்டவைத்த கோமாளியும் இல்லை. (நம் படமுதலாளிகள் மயங்கி விழாதிருப்பாராக!)

கதை யாது? ஆங்கிலம் கற்பிக்க வந்த பியல், பெரிய வீட்டுப் பெண் நந்தாவை விரும்புகிறான். அவளுக்கும் மனமுண்டு. குடிப்பெருமை குறுக்கே நிற்கிறது. கையில் காசில்லாத ஜினதாசவுக்கு, குலம் ஒன்றே தகுதியென்று அவளைக் கட்டிவைக்கின்றனர். பிழைப்புத் தேடிப்போன அவன் மீளவேயில்லை. பின்னர், வாணிகத்தில் பொருள் குவித்த பியலுக்கு அதே வீட்டுக் கதவு திறக்கிறது!

அறிவு மட்டும் கையிலிருந்தபோது மூடிய கதவு, பணம் வந்ததும் திறப்பானேன்? படம் இதனை உரக்கக் கேட்கவில்லை. இற்றுவிழும் சுவர்களைப் பரிவோடு பார்த்து நிற்கிறது. அந்தப் பரிவு எனக்கு உவப்பன்று. விருதுக்குரிய படந்தான், ஐயமில்லை. புண்ணியா ஹீந்தெனியவின் முகமொன்று போதும்: குலம் பார்த்தனர், பொருள் பார்த்தனர், நந்தாவை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை என்பதை, வாய் திறவாமலே அது சொல்லிவிடுகிறது.