நாலடியார்: துறவு நூலா, தொழில் நூலா?

நாலடியார் என்றாலே நிலையாமை என்று முத்திரை குத்திவிட்டோம். குறளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நாலடியாரை, "அதெல்லாம் வயசானவங்க படிக்கிறது" என்று பரண்மேல் வைத்துவிடுகிறோம். கரோல் பாகில் கடை வைத்துப் பிழைக்கும் எனக்கு இது, மூட்டையைப் பிரிக்காமலே சரக்குக்கு விலை சொல்வதாகப் படுகிறது. பிரித்துத்தான் பார்ப்போமே.

பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான இந்நூலில் 40 அதிகாரங்கள், 400 வெண்பாக்கள். சமண முனிவர் பலர் பாடியவற்றைப் பதுமனார் அதிகாரப்படுத்தினார் என்பது மரபு. 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப், 1893இல் இதையும் மொழிபெயர்த்து வெளியிட்டார். முதல் மூன்று அதிகாரங்கள் செல்வமும் இளமையும் உடம்பும் நில்லா என்கின்றன. பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் இரண்டாம் பாட்டைக் கவனியுங்கள். செல்வம் வண்டிச் சக்கரம்போல் உருண்டு போகும் என்கிறார் புலவர். "ஆகவே சம்பாதிக்காதே" என்றா முடிக்கிறார்? இல்லை. ஏர்மாடு நடந்து விளைந்த சோற்றைப் பலரோடு சேர்ந்து உண் என்கிறார். 35ஆம் பாட்டில், கரும்பை ஆட்டி வெல்லக்கட்டியைக் காலத்தில் எடுத்துக்கொண்டவன், பிறகு சக்கை எரிவதைப் பார்த்து வருந்த மாட்டான் என்கிறார். உடம்பால் ஆகவேண்டிய நன்மையைச் செய்துகொண்டவனும் அப்படித்தான். ஆக, இங்கே நிலையாமை என்பது கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லும் பேச்சல்ல, தவணை முடியுமுன் கணக்கை நேர் செய் என்று எச்சரிக்கும் பேச்சு. வியாபாரிக்கு இது நல்லாவே புரியும்.

கல்வி 14ஆம் அதிகாரம். கல்விக்குக் கரை இல்லை, கற்பவனுக்கு நாள் கொஞ்சம், அதற்குள் நோயும் பல. அதனால் அன்னம் பாலைப் பிரிப்பதுபோலத் தெரிந்தெடுத்துப் படி என்கிறது 135ஆம் பாட்டு. கைப்பேசியில் உலகமே கொட்டிக் கிடக்கும் இன்றைய பிள்ளைகளுக்கு இதைவிட ஏற்ற அறிவுரை எனக்குத் தெரியவில்லை. அடுத்த பாட்டு இன்னும் துணிச்சலானது. ஓடக்காரனைக் கீழ்ச்சாதி என்று இகழ்ந்துகொண்டா ஆற்றைக் கடக்கிறாய், கற்றவன் யாராயிருந்தாலும் அவன் துணையால் நல்லதைப் பெற்றுக்கொள் என்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். அடுத்த அதிகாரமே குடிப்பிறப்பு! உடுத்தது கிழிந்து உடம்பு மெலிந்தாலும் நற்குடியில் பிறந்தவர் தம் ஒழுக்கத்தில் குறைய மாட்டார்கள் என்று அது தொடங்குகிறது. "குடி என்றால் ஒழுக்கம்தான்" என்று உரை சொல்லிச் சமாளிக்கலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. பிறப்பின் பெருமையை அந்த அதிகாரம் பேசத்தான் செய்கிறது. பலர் பாடிய தொகைநூலில் பல குரல் இருக்கும். அதற்கு மறுப்பையும் நூலே வைத்திருக்கிறது என்பதுதான் அதன் பெருமை. தாளாண்மை என்னும் 20ஆம் அதிகாரத்தில், 195ஆம் பாட்டு, நல்ல குலம் தீய குலம் என்பது வெறும் பேச்சு, அதில் பொருளில்லை என்கிறது. பொருள், தவம், கல்வி, முயற்சி இவற்றால் ஆவதே குலமாம்.

அதே அதிகாரத்தில் 192ஆம் பாட்டு. வழியோரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்த செடி, வயிரம் ஏறிய பின் யானையைக் கட்டும் தறியாகிறது. தம்மைத் தாழ்த்திக்கொள்ளாமல் முயல்பவரின் வாழ்வும் அப்படியே. ஊர்விட்டு வந்து, மொழி தெரியாமல் தில்லியில் வேர்பிடித்த நமக்காகவே எழுதினமாதிரி இருக்கிறது!

குறை இல்லாத நூல் என்று நான் சொல்ல வரவில்லை. தூய்தன்மை அதிகாரத்தில் உடம்பின்மேல் காட்டும் அருவருப்பு, வாழத் தொடங்கும் பிள்ளைக்கு உதவாது. பெண்களைப் பற்றிய பாட்டுகள் ஆணின் பக்கம் நின்றே பேசுகின்றன. நானும் சமணன்தான், எங்க நூல் என்பதற்காக இவற்றை மறைக்கமாட்டேன். அதேபோல, சமண நூல் என்பதற்காக மற்றவர்கள் இதை ஒதுக்குவதும் நியாயமில்லை. பசிக்கிறவன் சோறு வடித்த வீட்டின் மதத்தை விசாரிப்பதில்லை.

1923இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அங்கே படிக்கும் நம்ம பிள்ளைகளுக்கும், வீட்டில் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கும் என் யோசனை இதுதான். நாலடியாரை முதலிலிருந்து தொடங்காதீர்கள். கல்வியில் பத்து, தாளாண்மையில் பத்து என இருபது பாட்டு போதும். மாதம் இரண்டாகப் படித்தால் பத்தே மாதம். நிலையாமை எங்கும் போய்விடாது. உழைத்து நாலு காசு சேர்ந்தபின் படித்தால்தான் அதன் பொருளும் விளங்கும்.