பிழை செய்யும் உறுப்புகள், பிழையற்ற விடை

ஒவ்வோர் உறுப்பும் எப்போதாவது தவறும்; ஆனால் முழு இயந்திரமும் சரியான விடையே தரவேண்டும். இது இயலுமா? 1952-இல் கலிபோர்னியாவில் ஆற்றிய விரிவுரைகளில் ஜான் வான் நாய்மன் இக்கேள்வியை ஆராய்ந்தார். 1956-இல் அச்சேறிய அக்கட்டுரையின் துணிவு இன்றும் வியப்பளிக்கிறது.

ஒரே வேலையைப் பல உறுப்புகளிடம் ஒப்படைத்து, பெரும்பான்மை விடையை ஏற்பது அவர் வழி. இதில் என்ன புதுமை? வாக்கு எண்ணும் உறுப்பும் தவறக்கூடியதே என்று அவர் வைத்துக்கொண்டதுதான். நடுவர் மட்டும் உத்தமர் என்ற சலுகையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஒரு செய்தியைச் சுமக்க ஒரு கம்பிக்குப் பதில் ஒரு கற்றை. ஒவ்வொரு படியிலும் அக்கற்றையைத் திருத்தும் உறுப்புகள்.

விலைதான் மலைக்க வைக்கிறது. 2,500 வெற்றிடக் குழல்கள் கொண்ட கணிப்பொறி. உறுப்புகள் 200-க்கு 1 முறை தவறுகின்றன. எட்டு மணிக்கு ஒரு பிழைதான் வரலாம். இதற்கு ஒவ்வொரு கற்றையிலும் 14,000 கம்பிகள் வேண்டும் என்று அவரே கணக்கிடுகிறார்! குழல்கள் மூன்றரைக் கோடியைத் தாண்டும். பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்பதும் இக்கணக்கின் அடிப்படை. மின்னழுத்தம் சரிந்து எல்லாம் ஒருசேரத் தவறினால் பெரும்பான்மையும் பொய்யாகிவிடும்.

குறையின் வேர், செய்யப்படும் கணக்கு எது என்பதை இம்முறை கவனிக்காததே. 1984-இல் ஹுவாங், ஆபிரகாம் இருவரும் அதைக் கவனித்தனர். பேரேட்டில் குறுக்கும் நெடுக்கும் கூட்டிச் சரிபார்ப்போம் அல்லவா? அதே உத்தியை அணிப்பெருக்கலுக்குக் கொண்டுவந்தனர். 1, 2, 3, 4 என்ற நிரைகள் கொண்ட அணியை 5, 6, 7, 8 என்பதால் பெருக்கினால் விடை 19, 22, 43, 50. முதல் அணியின் நிரல் கூட்டுத்தொகைகளான 4, 6 என்பவற்றை இன்னொரு நிரையாகச் சேர்த்துப் பெருக்குங்கள். விடையின் நிரல் கூட்டுத்தொகைகளான 62, 72 தாமே வந்துவிடும். இரண்டாம் அணியில் ஒரு நிரலைச் சேர்த்தால் நிரைத் தொகைகள் 41, 93 கிடைக்கும். 50 என்பது 58 ஆகிவிட்டால் ஒரு நிரையிலும் ஒரு நிரலிலும் 8 மிகும். அவை வெட்டும் இடமே பிழையின் இடம். எட்டைக் கழித்தால் போதும்.

14,000 எங்கே, ஒரு நிரையும் ஒரு நிரலும் எங்கே! ஆயினும் பின்னங்கள் புகுந்தால் கடைசி இலக்கத்தைக் குறைத்தெழுதுவதாலும் சிறு வேறுபாடு எழும். எது பிழை, எது இயல்பு என்று எல்லை வகுப்பது எளிதன்று. ஒப்பிட்டுப் பார்க்கும் பகுதியே தவறினால் என்ன செய்வது என்பதற்கும் கூட்டுத்தொகை விடை தராது. அங்கு வான் நாய்மனிடமே திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது.