கடிகாரம் பொய் சொல்லாது, ஆனால்...

28, 33, 25, 29, 37, 34. ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில், ஆடவர் ஒற்றையர் லூஜ் போட்டியில் சிவ கேசவன் பிடித்த இடங்கள் இவை. 1998இல் நகானோவில் தொடங்கி 2018இல் பியோங்சாங்கில் முடிந்த கணக்கு. இதை வைத்து நம் ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். தனி ஆளாகப் போராடிய மாவீரன் என்றது ஒரு தரப்பு. முப்பதாம் இடத்துக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்றது இன்னொன்று. இரண்டு தரப்புமே அந்த விளையாட்டைக் கவனிக்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

லூஜ் என்பது மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, பிரேக் இல்லாத சறுக்குவண்டியில் பனிக்கட்டி படிந்த கான்கிரீட் வாய்க்காலுக்குள் மணிக்கு 130, 140 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவது. தொடக்கத்தில் இரு கைப்பிடிகளைப் பற்றி முன்னும் பின்னும் ஆடி உந்த வேண்டும். பிறகு முள் வைத்த கையுறையால் பனியைத் துழாவி வேகம் கூட்ட வேண்டும். கைக்கு அவ்வளவுதான் வேலை. அப்புறம் கெண்டைக்காலின் அழுத்தமும் தோளின் சாய்வும்தான் வண்டியைத் திருப்புகின்றன. தலையைத் தூக்கினால் காற்று தடுக்கும். தூக்காவிட்டால் வளைவு சரியாகத் தெரியாது. ஆகவே தேர்ந்தவர்கள் கண்ணை நம்புவதைவிட உடம்பில் பதிந்துபோன தடத்தையே நம்பி இறங்குகிறார்கள்.

போட்டி முறையில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அலங்காரத்துக்கு மதிப்பெண் போடும் நடுவர் கிடையாது. இரண்டு நாளில் நான்கு ஓட்டம், நான்கின் நேரத்தையும் கூட்டினால் முடிவு. நொடியை ஆயிரமாக வகுத்து அளக்கிறார்கள். கனமான உடம்புக்குச் சரிவில் சாதகம் என்பதால், எடை குறைந்தவர் ஈயம் வைத்த மேலங்கி அணியலாம். வண்டியின் எடைக்கு வரம்பு உண்டு. அடியில் உள்ள எஃகுப் பட்டைகளைச் சூடாக்கினால் வழுக்கல் கூடும் என்பதால் அவற்றின் வெப்பத்தையும் சோதிக்கிறார்கள். 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனியின் மூன்று வீராங்கனைகள் இந்தக் குற்றச்சாட்டில்தான் நீக்கப்பட்டார்கள்.

நான்கு ஓட்டங்களைக் கூட்டுவதில் ஒரு கடுமையும் இருக்கிறது. மோசமான ஓட்டத்தைத் தள்ளிவிட வழியில்லை. 2010, 2014 இரண்டிலும் தங்கம் வென்ற ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் லோக், பியோங்சாங்கில் மூன்று ஓட்டம் முடிந்தபோது முதலிடத்தில் இருந்தார். கடைசி ஓட்டத்தில் ஒரே ஒரு வளைவில் தடுமாறினார். ஐந்தாம் இடத்துக்குப் போய்விட்டார். தங்கம் யாரும் எதிர்பாராத ஆஸ்திரியர் டேவிட் கிளெய்ர்ஷருக்குப் போயிற்று. இதைக் கொடுமை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தவறே செய்யாமல் இருப்பதுதான் இந்த விளையாட்டின் திறமை என்றால், அதை இப்படித்தான் அளக்க முடியும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. கடிகாரம் அளப்பது ஓட்டத்தை மட்டும். அந்த ஓட்டத்துக்கு வருவதற்கு முன் ஒருவர் அதே மாதிரித் தடத்தில் எத்தனை ஆயிரம் முறை இறங்கியிருக்கிறார் என்பது அதன் கணக்கில் வராது. உலகம் முழுவதும் இத்தகைய செயற்கைத் தடங்கள் இருபதுகூட இல்லை. ஜெர்மனி மட்டும் ஓபர்ஹோஃப், ஆல்டன்பெர்க், வின்டர்பெர்க், கோனிக்சே என்று நான்கைக் கட்டிக்கொண்டது. கட்டவும் குளிரூட்டவும் கோடிக்கணக்கில் செலவாகும். 2006 டூரின் ஒலிம்பிக்குக்காகச் செசானாவில் கட்டிய தடம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. தடத்தை உடம்பில் பதிய வைப்பதுதான் திறமை என்றால், தடம் இருக்கும் நாட்டுக்காரர் பாதிப் பந்தயத்தை வீட்டிலேயே முடித்துவிட்டு வருகிறார்.

இதன் விபரீதம் 2010இல் வெளிப்பட்டது. கனடாவின் விஸ்லர் ஒலிம்பிக் தடம் அதுவரை இருந்தவற்றிலேயே வேகமானது என்று பெயர் வாங்கியது. சொந்த நாட்டினருக்குக் கிடைத்த அளவுக்கு அங்கே பயிற்சி நேரம் மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்ற முணுமுணுப்பு போட்டிக்கு முன்பே இருந்தது. பிப்ரவரி 12 அன்று, தொடக்க விழாவுக்குச் சில மணி நேரம் முன்பு, ஜார்ஜியாவின் 21 வயது நோடார் குமாரிதாஷ்விலி பயிற்சி ஓட்டத்தின் கடைசி வளைவில் தூக்கியெறியப்பட்டு இரும்புத் தூணில் மோதி இறந்தார். ஓட்டியவரின் பிழை என்றது சர்வதேச லூஜ் சம்மேளனம். அப்படிச் சொன்ன கையோடு சுவரை உயர்த்தினார்கள், ஆண்கள் புறப்படும் இடத்தைப் பெண்களின் தொடக்க இடத்துக்குக் கீழிறக்கினார்கள். பிழை ஓட்டியவருடையது மட்டும்தான் என்றால் எதற்கு இத்தனை திருத்தம்?

அந்தப் போட்டியில் கேசவனும் இருந்தார், 29ஆம் இடம். மணாலியை அடுத்த வசிஷ்ட் கிராமத்துக்காரர். தந்தை கேரளத்தவர், தாய் இத்தாலியர். ஒலிம்பிக் லூஜில் முதன்முதலில் இறங்கியபோது அவருக்கு வயது 16. அந்த விளையாட்டில் அவ்வளவு சின்ன வயதில் ஒலிம்பிக்குக்குப் போனவர் அதற்குமுன் யாருமில்லை. நம் நாட்டில் தடம் இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே இமயமலைச் சாலையில் இறங்கிப் பழகினார். அதன் காணொளியை நாம் ரசித்துப் பகிர்ந்தோம். பயிற்சி என்ற அளவில் பார்த்தால் அது பரிதாபம். தார்ச்சாலையில் சக்கரம் கற்றுத்தருவது சமநிலையை. பனியில் எஃகு எப்படிக் கடிக்கும், எங்கே நழுவும் என்பதை அது கற்றுத்தராது. ஆசிய அளவில் அவர் பல தங்கம் வென்றார். அதிலும் ஒரு வேடிக்கை: நகானோ தடத்தில் பனி உறைய வைப்பதை நிறுத்தும் நிலைக்கு ஜப்பான் வந்த பிறகு, 2017இல் ஆசியப் போட்டியே ஜெர்மனியின் ஆல்டன்பெர்க்கில் நடந்தது.

'நம்மிடம் என்ன இருக்கிறது' என்று கைவிரிக்க வேண்டியதில்லை. பெங்களூருவில் நான் இருக்கும் வைட்ஃபீல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மெர்சிடஸ்-பென்ஸின் இந்திய ஆராய்ச்சி மையம் இங்கேதான் இயங்குகிறது. ஓடும் கார்மீது காற்று எப்படி வழியும் என்று கணினியில் கணக்குப் போடத் தெரிந்தவர்களை இந்த வட்டாரத்தில் தேட வேண்டியதில்லை; காலை நெரிசலில் நம் பக்கத்து வண்டியில் இருப்பார்கள், தமிழர்களும் அதில் நிறையப் பேர். ஜெர்மன் லூஜ் அணி செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். படுக்கும் நிலையைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்துத் திருத்துகிறது. நம்மிடம் அறிவு இருந்தது. அதை ஒரு வீரரின் வண்டியோடு இணைக்கும் அமைப்பு இல்லை. கேசவன் பொதுமக்களிடம் இணையம் வழியே பணம் திரட்டித்தான் ஒரு கட்டத்தில் சமாளித்தார்.

அமைப்பு எந்த லட்சணத்தில் இருந்தது என்பதற்கு 2014 சோச்சி ஒலிம்பிக் போதும். தேர்தல் குளறுபடியால் இந்திய ஒலிம்பிக் சங்கம் 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்யப்பட்டது. 2014 பிப்ரவரி 8, 9 தேதிகளில் கேசவன் இந்தியக் கொடியின் கீழ் அல்ல, ஒலிம்பிக் கொடியின் கீழ் ஓடினார். 11ஆம் தேதி தடை நீங்கியது. அதற்குள் அவர் பந்தயம் முடிந்திருந்தது. பயிற்சி ஓட்டம் ஒன்றில் அவர் வண்டியிலிருந்து நழுவி, ஓடும்போதே மறுபடி ஏறிப் படுத்த காட்சிதான் உலகம் முழுக்கப் பரவியது. திறமையைப் பற்றிக் கேட்டால் அந்தச் சில நொடிகளைக் காட்டுவேன். 37 என்ற எண் அவரைவிட அவருக்குப் பின்னால் இருந்த, அல்லது இல்லாத, ஏற்பாட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

ஒரு நாட்டிலிருந்து மூவருக்கு மேல் கூடாது என்ற வரம்பு சின்ன நாடுகளுக்குக் கதவைத் திறக்கிறது, நல்ல விதிதான். ஆனால் தகுதி பெற உலகக் கோப்பைச் சுற்றுகளில் புள்ளி சேர்க்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஐரோப்பாவில் தங்கியாக வேண்டும். பியோங்சாங்கில் மூன்று ஓட்டத்துக்குப் பின் முதல் இருபது பேருக்குத்தான் நான்காவது ஓட்டம்; கேசவனின் ஒலிம்பிக் வாழ்க்கை மூன்றாவதிலேயே முடிந்தது. எஃகுப் பட்டையின் சூட்டைச் சோதிக்க அதிகாரி வைக்கும் சம்மேளனம், ஒலிம்பிக் தடத்தில் எல்லா நாட்டுக்கும் சமமான பயிற்சி ஓட்டங்களை உறுதிசெய்து அதையும் அதே கறாரோடு எண்ணியிருக்கலாம். தடமில்லாத நாட்டினருக்கு நல்ல வண்டிகளைப் பொதுவில் வைத்து இரவல் கொடுத்திருக்கலாம். நம் பக்கமும் செய்ய வேண்டியது பெரிதாக இல்லை. தடம் கட்ட வேண்டாம். அது வீண் செலவு. ஆண்டுக்கு மூன்று, நான்கு மாதம் இரண்டு மூன்று இளைஞர்களையும் ஒரு பயிற்சியாளரையும் ஆஸ்திரியாவிலோ ஜெர்மனியிலோ தங்கவைக்கும் செலவு, ஒரு கிரிக்கெட் மைதானத்தின் விளக்குக் கம்பங்களுக்கு ஆகும் செலவைத் தாண்டாது. அதுவும் நடக்கவில்லை. 2022 பெய்ஜிங் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனவர் ஒரே ஒருவர், அவரும் பனிச்சறுக்கு வீரர்.